காஜி அசீசுல் ஹக்

காஜி அசீசுல் ஹக் (1872 – 1935) பிரித்தானிய இந்தியாவின் வங்காளக் காவல்துறையில் பணியாற்றிய அதிகாரி ஆவார். விரல்ரேகைகளை வகைப்படுத்தி அடுக்கி வைப்பதற்கும், தேவைப்படும்போது சில நிமிடங்களில் தேடி எடுப்பதற்கும் உதவும் கணித முறையை உருவாக்கியவர் என இவர் அறியப்படுகிறார். இம்முறை உலகெங்கும் இவருடைய மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றியின் பெயரால் ஹென்றி வகைப்பாட்டு முறை என வழங்கப்படுகிறது. கணினி வருவதற்கு முன் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் பல நாடுகளின் காவல்துறைகள் இம்முறையையே பின்பற்றின. விரல்ரேகை நீதிமன்றத்தில் ஏற்கத்தக்க சான்றாக மாறியதில் ஹக்கின் கணக்குக்கு முதன்மையான இடம் உண்டு.

பிறப்பும் கல்வியும்

ஹக் 1872ஆம் ஆண்டு அன்றைய வங்காள மாகாணத்தின் குல்னா பகுதியில் உள்ள புல்தலாவை அடுத்த பாய்கிராம் கஸ்பா என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. இவர் சிறுவனாக இருந்தபோதே பெற்றோர் படகு விபத்தொன்றில் இறந்தனர். பன்னிரண்டாம் அகவையில் வீட்டை விட்டு வெளியேறிக் கல்கத்தா சென்றார் என்று கூறப்படுகிறது. அங்கு ஒரு குடும்பத்தினர் இவருடைய கணிதத் திறனைக் கண்டு கல்விக்கு வழிசெய்தனர். பின்னர் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதமும் அறிவியலும் பயின்றார்.

1891இல் வங்காளக் காவல்துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற எட்வர்ட் ஹென்றி, குற்றவாளிகளை அடையாளம் காணும் பணிக்குப் புள்ளியியலில் வல்ல மாணவர் ஒருவரைப் பரிந்துரைக்குமாறு மாநிலக் கல்லூரி முதல்வரைக் கேட்டார். முதல்வர் ஹக்கைப் பரிந்துரைத்தார். இவ்வாறு ஹக் துணை ஆய்வாளர் நிலையில் காவல்துறையில் சேர்ந்தார். காவல் பணிக்கு உடல் வலிமையையும் பரிந்துரைக் கடிதங்களையும் பார்த்து ஆள் எடுத்த காலத்தில், கணக்கறிவுக்காக ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

ஹக்கிற்கு முன் இருந்த நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காவல்துறைகளின் பெரும் சிக்கல், பிடிபட்டவர் முன்பே தண்டனை பெற்றவரா என்று அறிவதாகும். ஒருவர் பெயரையும் ஊரையும் மாற்றிச் சொன்னால் பழைய பதிவேட்டைத் தேட வழியில்லை. இதற்குத் தீர்வாகப் பிரான்சு நாட்டு அல்போன்சு பெர்த்தியோன் உடல் அளவை முறையை உருவாக்கினார். தலையின் நீளம், அகலம், நடுவிரல் நீளம், பாத நீளம் முதலிய 11 அளவுகள் எடுக்கப்பட்டு அட்டைகளில் பதியப்பட்டன. ஒவ்வோர் அளவும் சிறியது, இடைப்பட்டது, பெரியது என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஐந்து அளவுகளைக் கொண்டு பிரித்தால் 243 பிரிவுகள் கிடைக்கும்.

ஹென்றி இம்முறையை வங்காளத்தில் நடைமுறைப்படுத்தினார். ஹக்கின் முதல் பணியும் உடல் அளவைப் பதிவுகளோடு தொடர்புடையதே. ஆனால் இம்முறையில் இரண்டு குறைகள் இருந்தன. அளப்பவர் மாறினால் அளவும் சிறிது மாறியது. மேலும், ஓர் அளவு இரு பிரிவுகளின் எல்லைக்கருகில் அமைந்தால் இரண்டு பிரிவுகளிலும் தேட வேண்டியிருந்தது. இத்தகைய எல்லை அளவுகள் மூன்று அமைந்தால் எட்டு இடங்களில் தேட வேண்டும். பிழை கூடக்கூடத் தேடும் இடங்கள் பெருக்கல் முறையில் கூடின.

விரல்ரேகையின் பயன் இதற்கு முன்பே ஓரளவு அறியப்பட்டிருந்தது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் ஆட்சியராக இருந்த வில்லியம் ஹெர்ஷல், ஒப்பந்தம் ஒன்றில் ஒப்பந்தக்காரரின் கைத்தடத்தைப் பதியச் செய்தார். 1880இல் ஹென்றி ஃபோல்ட்சு என்னும் மருத்துவர், குற்றவாளிகளைக் கண்டறிய விரல்ரேகை உதவும் என எழுதினார். 1892இல் பிரான்சிசு கால்டன் விரல்ரேகை பற்றிய நூலை வெளியிட்டார். ரேகை வாழ்நாள் முழுவதும் மாறாதது என்பதைச் சான்றுகளுடன் காட்டிய கால்டன், இரு விரல்களின் ரேகை முற்றிலும் ஒத்திருப்பதற்கான வாய்ப்பு 6,400 கோடியில் ஒன்று என்றும் மதிப்பிட்டார்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. ஒரு லட்சம் பேரின் ரேகைத்தாள்கள் அலுவலகத்தில் உள்ளன. புதிதாகப் பிடிபட்டவரின் ரேகைத்தாள் கையில் இருக்கிறது. அவருடைய பழைய தாள் அந்த ஒரு லட்சத்துள் எங்கே இருக்கிறது? ரேகை தனித்தன்மை வாய்ந்தது என்பது மட்டும் இதற்கு விடையாகாது. அகரவரிசை இல்லாத அகராதியில் சொல் தேடுவது போன்ற நிலை அது. கால்டன் தாமே ஒரு வகைப்பாட்டை முன்வைத்தபோதும் அது பெரும் தொகுப்புகளுக்கு ஈடுகொடுக்கவில்லை.

1,024 அறைகள்

விரல் நுனியில் உள்ள ரேகைகள் பொதுவாக மூன்று வடிவங்களில் அமைகின்றன. ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் சென்று முடிவது வில். தொடங்கிய பக்கத்திற்கே வளைந்து திரும்புவது கண்ணி. நடுவில் வட்டமாகச் சுழல்வது சுழி. தமிழ்நாட்டில் சிறுவர்கள் விரல்களைப் பார்த்துச் சங்கு என்றும் சக்கரம் என்றும் எண்ணும் வழக்கத்தில், சக்கரம் எனப்படுவது பெரும்பாலும் இந்தச் சுழியே ஆகும். தோராயமாக நூறு விரல்களில் 65 கண்ணியாகவும், 30 சுழியாகவும், 5 வில்லாகவும் அமையும்.

ஹக் வகுத்த முறையின் அடிப்படை மிக எளிமையானது. ஒவ்வொரு விரலையும் நோக்கி, அதில் சுழி உண்டா இல்லையா என்ற ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். விரல்களை இரண்டிரண்டாக இணைத்தால் ஐந்து இணைகள் கிடைக்கும். ஓர் இணையில் நான்கு வாய்ப்புகள்: இரண்டிலும் சுழி, முதலாவதில் மட்டும் சுழி, இரண்டாவதில் மட்டும் சுழி, இரண்டிலும் இல்லை. இரண்டு இணைகளுக்கு 16, மூன்றுக்கு 64, நான்குக்கு 256, ஐந்துக்கு 1,024 வாய்ப்புகள். 1,024 என்பது 32ஐ 32ஆல் பெருக்கக் கிடைப்பது. எனவே நெடுக்காக 32, கிடையாக 32 அறைகள் கொண்ட ஓர் அலமாரி போதுமானது.

எந்தத் தாள் எந்த அறைக்குச் செல்லும் என்பதைக் கணக்கிட விரல்களுக்கு எண்கள் தரப்பட்டன. வலது கட்டைவிரல் 1 எனத் தொடங்கி வலது சுண்டுவிரல் 5 வரையும், இடது கட்டைவிரல் 6 எனத் தொடங்கி இடது சுண்டுவிரல் 10 வரையும் எண்ணப்படும். முதல் இணையில் சுழி இருந்தால் விரலுக்கு 16, இரண்டாம் இணையில் 8, மூன்றாம் இணையில் 4, நான்காம் இணையில் 2, ஐந்தாம் இணையில் 1 என மதிப்பு உண்டு. சுழி இல்லாத விரலுக்கு மதிப்பு சுழியம். இரட்டைப்படை விரல்களின் மதிப்புகளைக் கூட்டி அத்துடன் 1 சேர்த்தால் பின்னத்தின் தொகுதி கிடைக்கும். ஒற்றைப்படை விரல்களுக்கும் அவ்வாறே செய்தால் பகுதி கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு வலது கட்டைவிரலிலும் வலது மோதிர விரலிலும் மட்டும் சுழி இருப்பதாகக் கொள்வோம். மோதிர விரலின் எண் 4. அதன் மதிப்பு 8. எனவே தொகுதி 8 + 1 = 9. கட்டைவிரலின் எண் 1. அதன் மதிப்பு 16. எனவே பகுதி 16 + 1 = 17. அவருடைய தாள் 9/17 என்ற அறைக்குச் செல்லும். சுழியே இல்லாதவர் 1/1 அறையிலும், பத்து விரல்களிலும் சுழி உள்ளவர் 32/32 அறையிலும் இடம்பெறுவர். பெயரையோ ஊரையோ கேட்க வேண்டியதில்லை. கல்கத்தாவில் கணக்கிட்டாலும் சென்னையில் கணக்கிட்டாலும் ஒரே பின்னமே கிடைக்கும்.

கணினியியல் பயில்வோர் இதில் பழக்கமான ஒன்றைக் காணலாம். உண்டு அல்லது இல்லை என்ற விடையை 1, 0 எனக் கொண்டு 16, 8, 4, 2, 1 என இடமதிப்பு தருவது இரும எண் முறையாகும். தரவின் பண்பிலிருந்தே அதை வைக்கும் இடத்தைக் கணக்கிடுவது, இன்றைய தரவுத்தளங்களில் பயன்படும் ஒரு தேடல் உத்தியை ஒத்தது. மின்னணுக் கணினி தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மர அலமாரியில் இது செயற்படுத்தப்பட்டது.

உட்பிரிவுகளும் ஹேம் சந்திர போசும்

1,024 அறைகளிலும் தாள்கள் சமமாக நிரம்புவதில்லை. ஒரு லட்சம் தாள்களைச் சமமாகப் பிரித்தால் அறைக்குச் சுமார் 98 தாள்கள் சேர வேண்டும். ஆனால் ஒரு விரலில் சுழி இல்லாதிருக்க வாய்ப்பு நூற்றுக்கு 70 எனக் கொண்டால், பத்து விரல்களிலும் சுழி இல்லாத 1/1 அறையில் மட்டும் ஏறத்தாழ 2,800 தாள்கள் சேரும். ஒரே மனிதரின் விரல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் போக்கு உடையவை என்பதால் உண்மையில் இதனினும் மிகப் பல சேரும். ஆகவே நெரிசலான அறைகளுக்கு உட்பிரிவுகள் தேவைப்பட்டன. சுட்டுவிரல்களின் வடிவம், கண்ணியின் மையத்திற்கும் அதன் முக்கோணப் புள்ளிக்கும் இடையே உள்ள ரேகைகளின் எண்ணிக்கை முதலியன இதற்குப் பயன்பட்டன.

இப்பணியில் ஹக்கின் உடன் பணியாளரான ஹேம் சந்திர போசு (1867 – 1949) பெரும் பங்காற்றினார். விரல்ரேகை விவரங்களைத் தந்தி மூலம் வேறு ஊருக்குத் தெரிவிப்பதற்கான குறியீட்டு முறையை உருவாக்கியவரும் இவரே.

அரசின் ஏற்பு

1897இல் இந்திய அரசு இரு முறைகளையும் ஒப்பிட ஒரு குழுவை அமைத்தது. இந்திய நில அளவைத் துறைத் தலைவர் சார்லசு ஸ்டிராகனும் வேதியியல் பேராசிரியர் அலெக்சாண்டர் பெட்லரும் அதில் இடம்பெற்றனர். பிழையின்மை, விரைவு, செலவு ஆகியவற்றில் விரல்ரேகை முறையே மேம்பட்டது என அவர்கள் கண்டனர். 1897 சூன் 12 அன்று அரசு இம்முறையை ஏற்றது. கல்கத்தாவின் ரைட்டர்சு கட்டடத்தில் விரல்ரேகைப் பணியகம் இயங்கத் தொடங்கியது. அர்ஜென்டினாவில் உவான் வுசேட்டிச் 1890களின் தொடக்கத்திலேயே தனியாக ஒரு முறையை உருவாக்கியிருந்தார். ஆகவே கல்கத்தாப் பணியகத்தை உலகின் முதல் பணியகங்களுள் ஒன்று எனக் கூறுவது பொருத்தமாகும்.

நீதிமன்றத்தில் விரல்ரேகை

1897இல் வங்காளத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அவருடைய பெட்டியில் இருந்த நாட்காட்டியொன்றில் பழுப்பு நிறக் கறைகள் காணப்பட்டன. அவற்றுள் ஒன்றில் இருந்த தடத்தைக் கல்கத்தாப் பணியகம் தன் தொகுப்புடன் ஒப்பிட்டு, முன்பு திருட்டுக்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு பணியாளரின் வலது கட்டைவிரல் ரேகை அது எனக் கண்டறிந்தது. 1898இல் நடந்த வழக்கில் அவர் திருட்டுக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார். கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் அப்பெட்டியைத் தொட்டார் என்பதை ரேகை மெய்ப்பித்தது. கொலை செய்தார் என்பதை அது மெய்ப்பிக்கவில்லை. ஓர் அறிவியல் சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்ற வேறுபாட்டைத் தொடக்க காலத்திலேயே உணர்த்திய தீர்ப்பு இதுவாகும்.

1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, நிபுணர் கருத்து எப்போது ஏற்கத்தக்கது என்பதைக் கூறியது. 1899இல் ஐந்தாம் எண் சட்டத்தின் மூலம் அப்பிரிவில் விரல் தடங்களும் சேர்க்கப்பட்டன. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் என்னும் சட்டத்தின் 39ஆம் பிரிவில் இவ்விதி தொடர்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் விரல்ரேகையைப் பெறுவது, அவரைத் தமக்கெதிராகத் தாமே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதாகாது என 1961இல் காத்தி காலு ஓகத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது.

ஹென்றியின் பெயரும் ஹக்கின் பெயரும்

1900இல் ஹென்றி, விரல்ரேகைகளின் வகைப்பாடும் பயன்களும் பற்றிய நூலை வெளியிட்டார். முறையை உருவாக்கியவர்கள் என்ற நிலையில் ஹக்கோ போசோ அதில் குறிக்கப்படவில்லை. அதே ஆண்டு இலண்டனில் பெல்பர் குழுவின் முன் ஹென்றி சாட்சியம் அளித்தார். 1901இல் ஸ்காட்லாந்து யார்டில் விரல்ரேகைப் பணியகம் தொடங்கப்பட்டது. 1903 முதல் 1918 வரை ஹென்றி இலண்டன் மாநகரக் காவல்துறையின் ஆணையராக விளங்கினார். தொடர்வண்டிப் பயணத்தில் இம்முறை ஹென்றிக்குத் தோன்றியது என்றும், தாள் இல்லாததால் சட்டையின் கைப்பட்டையில் அதை எழுதிக்கொண்டார் என்றும் ஒரு கதை நெடுங்காலம் வழங்கி வந்தது.

ஹக் தம் பங்களிப்புக்கு ஏற்பு வேண்டி அரசிடம் பல ஆண்டுகள் முறையிட்டார். 1913இல் கான் சாகிபு பட்டமும் 1924இல் கான் பகதூர் பட்டமும் பெற்றார். 5,000 ரூபாய் மதிப்பூதியமும் அவருக்கு வழங்கப்பட்டது. 1926இல் ஹென்றி எழுதிய கடிதமொன்றில், வகைப்பாட்டைச் செம்மைப்படுத்துவதில் தம் பணியாளர்களுள் ஹக்கே மற்றவர்களை விட அதிகம் பங்களித்தார் என ஒப்புக்கொண்டார். நூல் வெளியாகி 26 ஆண்டுகளுக்குப் பின் வந்த ஒப்புதல் அது.

இம்முறையில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது பற்றி ஆய்வாளர்களிடையே முழு ஒற்றுமை இல்லை. பணியை முன்னெடுத்தவர், ஆள் தேர்ந்தவர், அரசை ஏற்கச் செய்தவர் என்ற வகையில் ஹென்றியின் பங்கை மறுப்பதற்கில்லை. எனினும் 1,024 அறைக் கணக்கு ஹக்குடையது என்ற கருத்து இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. கொலின் பீவன் 2001இல் எழுதிய நூலும், சந்தக் சென்குப்தா 2003இல் எழுதிய நூலும் இந்தியப் பணியாளர்களின் பங்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. 2005இல் சோதி, கௌர் ஆகியோர் கரண்ட் சயின்சு இதழில் எழுதிய கட்டுரையும் ஹக், போசு இருவரையும் மறக்கப்பட்ட முன்னோடிகளாக எடுத்துக்காட்டியது.

தமிழகத்தில் தாக்கம்

எழுதப் படிக்கத் தெரியாதவரைக் கைநாட்டு என்று குறிப்பிடும் வழக்கம் தமிழில் உண்டு. பத்திரங்களில் பெருவிரல் ரேகை வைப்பதிலிருந்து இது வந்தது. பிறர் போலிக் கையொப்பமிட்டு நிலத்தை எழுதி வாங்குவதைத் தடுத்த இதே ரேகை, வேறொரு சட்டத்தில் அடக்குமுறைக் கருவியாகவும் பயன்பட்டது. 1911ஆம் ஆண்டுக் குற்றப்பழங்குடிகள் சட்டத்தின் கீழ், சென்னை மாகாணத்தில் குறிப்பிட்ட சமூகங்களில் பிறந்த ஒரே காரணத்துக்காக மக்களின் ரேகைகள் பதிவு செய்யப்பட்டன. இதனால் தென்மாவட்ட மக்கள் அச்சட்டத்தைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில், ரேகைப் பதிவை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

ஹக்கின் கணக்கு தாளை எந்த அறையில் வைப்பது என்பதை மட்டுமே கூறியது. யாருடைய ரேகையை எடுப்பது என்பதை அரசே முடிவு செய்தது.

பிற்கால நிலை

இந்தியாவில் மைய விரல்ரேகைப் பணியகம் 1955இல் நிறுவப்பட்டது. கணினிவழித் தேடல் பரவியபின் 1,024 அறை அலமாரிகள் பயனிழந்தன. 2022இல் தேசியத் தானியங்கி விரல்ரேகை அடையாள முறை தொடங்கப்பட்டது.

தேடுதல் எளிதானதும் வேறொரு புள்ளியியல் சிக்கல் எழுந்தது. கால்டனின் 6,400 கோடி என்னும் கணக்கு முழுமையான, தெளிவான ரேகைக்கு உரியது. குற்றம் நடந்த இடத்தில் கிடைப்பதோ பெரும்பாலும் மங்கலான, அரைகுறைத் தடம். கோடிக்கணக்கான ரேகைகளுள் அத்தகைய தடத்தைத் தேடும்போது, தற்செயலாக ஓரளவு ஒத்த வேறொருவரின் ரேகை அகப்பட வாய்ப்பு கூடுகிறது. 2004இல் மாட்ரிட் நகரக் குண்டுவெடிப்பு விசாரணையில், அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையினர் ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவரின் ரேகை எனத் தவறாக முடிவு செய்து அவரைத் தடுத்து வைத்தனர். 2009இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் அறிக்கை, ரேகை ஒப்பீட்டில் நேரும் பிழையின் அளவை ஆய்வுகளால் கண்டறிய வேண்டும் என வலியுறுத்தியது. ஹக்கின் முறை பத்து விரல்களின் முழு ரேகைத்தாளை அடுக்குவதற்காக அமைந்தது. ஒற்றைத் தடத்தின் உரிமையாளரைக் கண்டறிவது அதன் நோக்கமன்று.

இறுதிக் காலமும் நினைவும்

1912இல் வங்காளத்திலிருந்து பீகார் பிரிக்கப்பட்டபின் ஹக் பீகார் காவல்துறைக்கு மாறினார். ஓய்வுக்குப் பின், காந்தியடிகளின் 1917ஆம் ஆண்டு அவுரி விவசாயிகள் போராட்டத்தால் அறியப்பட்ட சம்பாரண் மாவட்டத்தின் மோத்திகாரியில் குடியேறினார். 1935இல் அங்கேயே காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பிரித்தானியாவின் விரல்ரேகைக் கழகம், விரல்ரேகை ஆய்வில் புதுமை செய்வோருக்காக அசீசுல் ஹக் – ஹேம் சந்திர போசு ஆகியோரின் பெயரால் பரிசு ஒன்றை ஏற்படுத்தியுள்ளது. பாடநூல்களில் வகைப்பாட்டு முறை இன்றும் ஹென்றியின் பெயராலேயே வழங்குகிறது.